417-ஆம் ஆணி

தலைமை ஏற்று வீற்றிருக்கும் பெரியவர் மரியகுழந்தை அவர்களே! பாதாளம்வரை இறங்கி, பொன்னை ஊருக்கு அனுப்பிவிட்டு இருமலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்த பெரியோர்களே! ஷிப்ட் முடிந்த சங்கு ஊதும்வரை அடுப்பை அணைக்காமல் காத்திருந்த தாய்மார்களே! சுரங்கம் மூடியபின் பெங்களூரு ரயிலில் நின்றுகொண்டே தூங்கப் பழகிய தோழர்களே! வணக்கம், வணக்கம்!

சுரங்க வரலாற்றைக் காக்கும் குழுவின் செயலாளர் ஜெயகரன் பேசுகிறேன். நான் யார்? ஒருநாளாவது கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கியவனா? ஆபீஸ் லிப்டில் நாலாவது மாடிக்கே தலைசுற்றிச் சுவரைப் பிடிப்பவன்! யாருங்க அங்க சிரிக்கிறது, ஏனோக் அண்ணனா? சிரிங்கண்ணா, இன்னும் இருக்குது.

இந்தக் கண்காட்சிக்கு நந்திதுர்க் ஷாஃப்ட் வாசலில் இருந்த டோக்கன் பலகை கிடைத்தது. இறங்குகிறவர் தன் எண் போட்ட பித்தளை டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவார். மற்ற எல்லா ஆணியிலும் டோக்கன் இருந்தது. 417 மட்டும் காலி. என் அழகுணர்ச்சி சும்மா இருக்குமா? பல் விழுந்த வாய்போல் இருக்கிறதே என்று, பெங்களூருவில் புதிதாக ஒன்று அடித்துவந்து மாட்டினேன். மாட்டியதோடு விட்டேனா? பளபளவென்று தேய்த்தேன்! பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டேன்!

நேற்று சரோஜம்மா வந்தார்கள். பலகையைப் பார்த்தார்கள். "இன்னாப்பா, எங்க ஊட்டுக்காரரு மேல வந்துட்டாரா?" என்று கேட்டார்கள்.

எனக்கு விளங்கவில்லை. அவர்களே சொன்னார்கள்: "அது அவரு நம்பரு, தாமோதரன் நம்பரு. பாறை வெடிச்ச அன்னிக்கு டோக்கனோட கீழ போனவரு. உடம்பு கூட கிடைக்கல. அந்த நம்பர யாருக்கும் தரக்கூடாதுன்னு மொத்த ஷிப்டும் நின்னு கேட்டுச்சு. நீ இன்னாடான்னா, வந்துட்டாருன்னு மாட்டி வெச்சிருக்கிற."

அன்பர்களே! அதிகாரி அழிக்காத வரலாறு, ஆண்டுகள் அழிக்காத வரலாறு, அதை ஒரே பிற்பகலில் அழித்தவன் யார்? வரலாற்றைக் காக்கும் குழுவின் செயலாளர்! எனக்குப் பொன்னாடை போர்த்தியவர்கள் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

உடனே கழற்றப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்கள். "நாலு பேரு பாக்க மாட்டுன. நாலு பேரு பாக்க கழட்டு."

எதைக் காக்கப் புறப்பட்டோம்? பித்தளையையா? பலகையையா? போனவர் திரும்பவில்லை என்ற உண்மையையா? அந்த உண்மையைச் சொல்ல இந்த ஊரில் மிஞ்சியிருந்தது ஒரு வெற்று ஆணி. அதற்கும் நகை பூட்டினேன் நான்!

ரிப்பன் வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம். கைதட்டாதீர்கள், எழுந்து நில்லுங்கள். சரோஜம்மா, பார்த்துக்கோங்க. இதோ, கழற்றிவிட்டேன்.

கண்காட்சி திறந்தாயிற்று. பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. மேலே வந்தவர்களுக்கு வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம்.