மத்தியானம் விழுகிற லைன்

– நான் ஒரு குறட்டை விட்டேன்னு வை பொடிசு, நாட்டுல இருக்கிற பல்கலைக்கழகம் பாதி அப்படியே நின்னு போகும். விஞ்ஞானியெல்லாம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான்.

– அண்ணா, எனக்கு அம்பது வயசு தாண்டியாச்சு. பொடிசுன்னு கூப்பிடாத. டார்ச்சை மட்டும் நேரா புடி.

– நான் சொல்றதைக் காதுல வாங்க மாட்டேங்கற.

– பொறந்ததுலேர்ந்து வாங்கிக்கிட்டுதான இருக்கேன். சைக்கிள் மணியை முழுங்கிட்டேன்னு சொல்லிட்டு, நடக்கும்போதெல்லாம் வாயை மூடிக்கிட்டே கிணிங் கிணிங்னு சத்தம் போட்டவன்தான நீ. நான் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அழுதுகிட்டே வந்தேன்.

– அது சின்ன மணி. அதைப் போய் இன்னும் ஞாபகம் வச்சிருக்க.

– கொஞ்சம் மேல அடி. பச்சை. இதுவும் பச்சை. எல்லா விளக்கும் பச்சையாத்தான் இருக்கு. நான் போற எல்லா ரூம்லயும் பச்சையாத்தான் இருக்கு. மத்தியானம் ஆனா மட்டும் லைன் விழுந்துடுது.

– சாப்பாட்டு நேரம் முடிஞ்ச கையோட.

– ஆமா. அது உனக்கு எப்படித் தெரியும்?

– நான் படுக்கிற நேரம் எனக்குத் தெரியாதா?

– போதும் அண்ணா. சிரிக்கக்கூட தெம்பு இல்ல எனக்கு. பல்கலைக்கழகத்தையெல்லாம் இணைக்கிற இந்த பேக்போன் லைனைப் புதுசாக்கணும்னு ஆறு வருஷமா ஒவ்வொரு மேஜையா போய் நின்னிருக்கேன். பழசுல ஒரு தொலைநோக்கிப் படம் அனுப்பினா, அது போய்ச் சேர்றதுக்குள்ள வானமே மாறிடும். புதுசுல கண் மூடித் திறக்கறதுக்குள்ள போகுது. ஆனா தினம் மத்தியானம் விழுது. ரயில் அதிர்வா இருக்கும்னு ரயில்வே பாலத்து மேல போய் நின்னேன். வெயிலா இருக்கும்னு ரோட்டோரம் குடையைப் புடிச்சுக்கிட்டு கேபிளுக்கு நிழல் காட்டினேன். பாத்தவங்க என்ன நினைச்சிருப்பாங்களோ. கல்குவாரியில போய், வெடி வைக்கற நேரத்தைக் கொஞ்சம் மாத்திக்கங்கன்னு கெஞ்சினேன். அவங்களும் மாத்தினாங்க. அப்பவும் விழுந்தது.

– என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

– உன்னையா? நீ ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு.

– நான்தான் ரிட்டயர் ஆனேன். குறட்டை ஆகலையே.

– இன்னிக்கு அஞ்சு மணிக்கு டைரக்டர் போன் பண்ணுவாரு. காரணம் இதுதான்னு நான் சொல்லணும். சொல்லலைன்னா புதுப் பெட்டியையெல்லாம் கழட்டி, வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க. மறுபடி பழசு. அப்புறம் என் ஆயுசுல யாரும் புது லைன்னு வாயைத் திறக்க மாட்டாங்க. நானும் திறக்க மாட்டேன்.

– சரி, அழாத.

– அழல. கண்ணு எரியுது. தூங்கி எவ்வளவு நாளாச்சு.

– ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லிட்டு அப்புறம் திட்டு. போன வாரம் ரெண்டு மூணு நாள் விழாம இருந்துச்சா?

– இருந்துச்சு. சரியாயிடுச்சுன்னு நினைச்சு எல்லாருக்கும் நன்றி சொல்லி வேற அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழமையோட மறுபடி விழுந்து மானத்தை வாங்கிடுச்சு.

– அந்த மூணு நாளும் நான் மக வீட்டுல இருந்தேன். ஞாயித்துக்கிழமை காலையிலதான் திரும்பி வந்தேன்.

– அது ஏதோ பொருந்தியிருக்கு, அவ்வளவுதான்.

– அதுக்கு முன்னாடி மாச ஆரம்பத்துல ஒரு நாள் விழலையே? எனக்குப் பல்லு புடுங்கின நாள் அது. ராத்திரி பகல் கண்ணை மூடல.

– அண்ணா, நீ உன் வீட்டுல படுத்துக் குறட்டை விட்டா இங்க இருக்கிற லைனுக்கு என்ன வந்துச்சு?

– வீட்டுல எங்க படுக்கறேன்? உங்க அண்ணிதான் துரத்தி விட்டுட்டாளே. உங்க குறட்டைக்கு ஜன்னல் கம்பி வளையுது, பக்கத்து வீட்டுக் கோழி முட்டை போடறதை நிறுத்திடுச்சுன்னு சொல்றா. நான் எங்க போவேன்? வீட்டுக்குப் பின்னாடியே ஜம்முனு ஏசி போட்ட ரூம் ஒண்ணு இருக்கு. நான் இருபது வருஷம் காவல் காத்த ரூம்.

– இந்த ரூமா?

– இதே ரூம்தான்.

– சாவி?

– யாரும் திருப்பிக் கேக்கல.

– கடவுளே. எங்க படுப்ப?

– அந்த ரேக்குக்கும் சுவத்துக்கும் நடுவுல. பாய் சுருட்டி வச்சிருக்கேன் பாரு. தலைக்கு அந்தத் தகரப் பெட்டி. மேல துண்டை மடிச்சுப் போட்டேன்னா ராஜா மெத்தை. கழுத்துக்கு அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கும்.

– எந்தத் தகரப் பெட்டி? டார்ச்சைக் கொடு. அண்ணா, இது இங்க என்ன பண்ணுது?

– எப்பவும் இங்கதான இருக்கு.

– இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?

– நூல்கண்டு மாதிரி சுத்தின கண்ணாடி இழை. மயிரிழை கணக்கா. பிரிச்சு நீட்டினா நிலாவை நாலு சுத்து சுத்தும்.

– பத்து கிலோமீட்டர்தான் வரும். பழைய மெஷினுக்குத்தான் இது வேணும். தூரம் போகப் போக வெளிச்சம் கலைஞ்சுடும், இந்தச் சுருளுக்குள்ள விட்டா மறுபடி ஒண்ணு சேரும். புது மெஷின் அந்த வேலையைத் தானே பாத்துக்கும், நடுவுல இது அதிர்ந்தா பழசு மாதிரி பொறுத்துக்காது. அதனால எல்லா ரூம்லயும் இதைக் கழட்டிடணும்னு சொல்லித்தான் ஆள் அனுப்பினேன். இந்த ரூம்ல கழட்டியாச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க.

– ஓ, அந்தப் பசங்களா.

– எந்தப் பசங்க?

– ரெண்டு பேர் வந்தாங்க, ஒரு மத்தியானம். அரைக்கண்ணுல பாத்தேன். ஸ்பேனரை வச்சுக்கிட்டு என் தலைமாட்டுல நின்னானுங்க. ஒருத்தன், பாவம் பெரியவர் அசந்து தூங்கறார், எழுப்பாதடாங்கறான். இன்னொருத்தன், அப்புறமா வரலாம்டாங்கறான். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போனானுங்க. இந்தக் காலத்துல அப்படி ஒரு மரியாதை யாருக்குக் கிடைக்கும் சொல்லு.

– அப்புறமா வரவே இல்ல.

– வந்திருப்பானுங்க. அப்பவும் நான் தூங்கிக்கிட்டுதான் இருந்திருப்பேன்.

– இரு, கன்ட்ரோல் ரூமைக் கூப்பிடறேன். ஸ்பீக்கர்ல போடறேன், நடுவுல பேசாத. ஹலோ, நான்தான் பேசறேன்.

– சொல்லுங்க மேடம். அதாவது, இப்போதைக்கு லைன் நல்லா இருக்கு.

– இங்க ஒரு பழைய சுருள் பெட்டி இன்னும் லைன்லயே மாட்டியிருக்கு. அதைக் கழட்டணும்.

– கழட்டலாம் மேடம். அதாவது, கழட்டும்போது லைன் நிக்கும். காரணம் இல்லாம நிறுத்தினா டைரக்டர் என்னை நிறுத்திடுவார். அந்தப் பெட்டியாலதான் விழுதுன்னு உறுதியாத் தெரியுமா?

– அதைத்தான் பாக்கப் போறேன். பெட்டியைத் தட்டறேன், திரையைப் பாருங்க. இப்ப?

– ஒண்ணும் இல்ல மேடம். ஆடக்கூட இல்ல.

– இப்ப? கையால ஓங்கித் தட்டினேன்.

– அசையல.

– பாத்தியா அண்ணா? தட்டினாலே அசையாததை உன் குறட்டை வந்து சாய்ச்சுடுமா?

– தட்டறது வேற. வாசல்ல வந்து கதவைத் தட்டற மாதிரி அது. குறட்டை வீட்டுக்குள்ள குடியிருக்கும். தலையை வச்சு அழுத்திப் படுத்தா, மண்டை ஓடு வழியா அந்தச் சுருள்ல ஒவ்வொரு சுத்துக்குள்ளயும் இறங்கும். நகரு, நான் படுத்துக் காட்டறேன். அதாவது சார், கவனமா பாருங்க. கொர்ர்ர்ர்.

– மேடம், அங்க யார்? என்னை ஏன் அதாவது சார்ங்கறார்?

– எங்க அண்ணன். நாங்க எல்லாரும் உங்களை அப்படித்தான் சொல்றோம், தப்பா நினைச்சுக்காதீங்க. ஏதாவது தெரியுதா?

– ஒண்ணும் தெரியல.

– முழிச்சுக்கிட்டு விடற குறட்டை தொண்டையோட நின்னுடும் சார். நீங்க ரெண்டு பேரும் வாயைப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்? ஒரு தாலாட்டாவது பாடச் சொல்லுங்க இவளை.

– எழுந்திரு அண்ணா. போதும். நாலரை ஆயிடுச்சு. அவர்கிட்ட தெரியலைன்னே சொல்லிடறேன். தெரியலைன்னு சொன்னா உயிரா போயிடும்.

– என்னை நம்பலைல்ல நீ?

– குறட்டைன்னு எந்த வாயால சொல்லச் சொல்ற? அப்பாவுக்கு அப்புறம் நம்ம குடும்பத்துல குறட்டை விடற ஒரே ஆள் நீ. அதையும் பெருமையா வச்சுக்கிட்டுத் திரியற. இதுல எங்க வீட்டுக்காரர் வேற, நானும் விடறேன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் மேல ஒரே பொய்ப் பழி. அதுக்காகத் தனி ரூம்ல போய்ப் படுத்துக்கறார். உன்னோட சேர்ந்து கெட்டுப்போன மனுஷன்.

– சரி சரி. மூஞ்சியைப் பாரு, வாடிப்போன கீரை மாதிரி இருக்கு. நான் போய் டீ போட்டு எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் இந்தப் பாய்ல கொஞ்சம் சாஞ்சுக்க.

– வேண்டாம்.

– சும்மா உடம்பை நீட்டு. தலையை அது மேல வச்சுக்க, துண்டு துவைச்சதுதான்.

– அஞ்சு நிமிஷம். போன் அப்படியே இருக்கட்டும். தூங்க மாட்டேன், கண்ணை மட்டும் மூடிக்கறேன்.

– மூடிக்க.

– மேடம். ஹலோ மேடம். லைன் விழுந்துடுச்சு.

– மேடம், கேக்குதா? அதாவது, சுத்தமா நின்னுடுச்சு.

– ஷ்ஷ். மெதுவா பேசுங்க சார். இப்பதான் டீயை எடுத்துட்டு உள்ள வரேன்.

– யாரு, அண்ணனா? சார், அங்க என்ன சத்தம்? ஜெனரேட்டர் ஓடுதா?

– இல்ல சார். என் தங்கச்சி.

– என்ன பண்றாங்க?

– தூங்கறா. கப்பல் துறைமுகத்துக்குள்ள வர மாதிரி இருக்கு. இருபது வருஷம் இந்த ரூம்ல இருந்திருக்கேன், இப்படி ஒரு சத்தத்தை நானே கேட்டதில்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வருது. எங்க அப்பா குரல் அப்படியே.

– சார், விளையாடாதீங்க. எனக்கு இங்க திரை பூரா சிவப்பு.

– விளையாட்டா? இருங்க, தலைக்குக் கீழ கையைக் கொடுத்து லேசா தூக்கறேன். இப்ப பாருங்க.

– வந்துடுச்சு.

– மறுபடி பெட்டி மேல வச்சுட்டேன். இப்ப?

– போயிடுச்சு.

– இப்ப தூக்கினேன்.

– வந்துடுச்சு சார். அதாவது, நான் இந்த வேலைக்கு வந்து இப்படி ஒண்ணு பாத்ததில்ல.

– நீங்க பாத்ததில்ல, நான் சொன்னேன். சொன்னவனை யாரு நம்பறா? சரி, கை வலிக்குது, வச்சுடறேன்.

– வேண்டாம் சார். மேடத்தை எழுப்புங்க. டைரக்டர் போன் வந்துடும்.

– எத்தனை நாளா தூங்கல தெரியுமா இவ? பாலத்து மேலயும் குவாரியிலயும் நின்னு பாதி உடம்பா ஆயிட்டா. பத்து நிமிஷம் சார். பல்கலைக்கழகம் எங்கயும் ஓடிப்போயிடாது. அதெல்லாம் ரொம்ப நாளா இருக்கிற கட்டடம்.

– புது லைன் போனா பழைய லைன் கொஞ்சம் தாங்கும். அதாவது, பத்து நிமிஷம் தாங்கும்.

– அந்தப் பசங்க ஏன் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போனானுங்கன்னு இப்பதான் புரியுது.

– சார், டைரக்டர் கூப்பிட்டுட்டார். பக்கத்து போன்ல காத்திருக்கார்.

– அவரையும் கொஞ்சம் கண்ணை மூடச் சொல்லுங்க.

– சார், தயவு செஞ்சு.

– பொடிசு. பொடிசு, எழுந்திரும்மா.

– ம். தூங்கல. கண்ணைத்தான் மூடியிருந்தேன். மணி என்ன?

– அஞ்சு.

– அஞ்சா? டீ எங்க?

– ஆறிப்போச்சு. லைனும் விழுந்து எழுந்துடுச்சு.

– மேடம், பெட்டியேதான். அதாவது, தலை பெட்டி மேல இருந்தப்பல்லாம் விழுந்தது, தூக்கினப்பல்லாம் வந்தது. திரும்பத் திரும்பப் பாத்துட்டோம்.

– யார் தலை? அண்ணா, நீ தூங்கினியா?

– நான் டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன்.

– அப்ப யாரு?

– இந்த ரூம்ல வேற யார் இருக்கா?

– பொய். அதாவது சார், நீங்க சொல்லுங்க, அவன் பேச்சை நம்ப மாட்டேன்.

– அதாவது மேடம், நான் முதல்ல ஜெனரேட்டர்னு நினைச்சேன்.

– ஓ.

– நம்ம அப்பா மாதிரியே விட்ட பொடிசு. அடிவயித்துலேர்ந்து.

– நீ கொஞ்ச நேரம் சும்மா இரு அண்ணா.

– மேடம், பெட்டியைக் கழட்ட இப்பவே அனுமதி வாங்கிடலாம். காரணம் என்னன்னு மட்டும் அவர் கேக்கறார். என்ன சொல்லட்டும்?

– குறட்டைன்னு சொல்லுங்க.

– யாரோடதுன்னு கேப்பார். அண்ணன் பேரைச் சொல்லிடலாமா? அவர் ரிட்டயர்டு. அதாவது, அவரை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.

– தாராளமா சொல்லுங்க சார். நாடே நின்னுச்சுன்னு சேத்துச் சொல்லுங்க. ஆஸ்பத்திரி, கப்பல், ராக்கெட்டு எல்லாம்.

– வேண்டாம். மத்த நாளெல்லாம் அவன்தான். ஆனா இன்னிக்கு நின்னது என்னால, அப்படியே சொல்லுங்க. அப்புறம் சார், ஒரு உதவி. எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு போன் போட்டு, இத்தனை வருஷமா அவர் சொன்னது நிஜம்தானாம்னு சொல்லிடுங்க. எனக்கு அவர்கிட்ட சொல்ல மூஞ்சி இல்ல.