இன்னும் வரலம்மா

நான் போனில் பேசினால் பாதி வியாதி குறைந்த மாதிரி இருக்கும் என்று வார்டு நர்ஸுகள் சொல்வார்கள், சார். பிறவிக் குணம் அது. அதட்டிப் பேச எனக்கு வராது.

பத்தொன்பது வருஷமாகப் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட் பிரிவில் இருக்கிறேன். சதைத் துண்டைப் பரிசோதித்து லேபிலிருந்து வரும் தாள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். கெட்ட செய்தி என்றால் மேல் மூலையில் சிவப்பு முத்திரை. அன்றைக்கே போன் போட்டு ஆளை வரவழைக்க வேண்டும். நான் கூப்பிட்டால்தான் அவர்கள் வருவார்கள். அவர்கள் வந்தால்தான் தாள் டாக்டர் கைக்குப் போகும். அந்த ஏற்பாட்டை நான் செய்யவில்லை.

கேன்டீனில் எனக்கு 'எமன் வீட்டுத் தபால்காரர்' என்று பெயர். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் வராந்தாவில் என்னைக் கண்டதும் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் பாருங்கள், அதற்குச் சிரிப்பு வராது.

என் மனைவிக்கும் அதே வராந்தாவில்தான் சொன்னார்கள், நிற்க வைத்து. நான் சாப்பாட்டுப் பையோடு பக்கத்தில் நின்றேன். "ஆறு மாசம் முன்னாடியே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார் டாக்டர். அன்று மாலை தட்டைத் தள்ளிவைத்தவள், ஐந்தாம் மாதம் போய்விட்டாள். அவளைக் கொன்றது வியாதியல்ல, சார், அந்தச் சொல். அன்றைக்கு எனக்குப் புரிந்தது அதுதான்.

முதல் தாளை நிறுத்தி வைத்தது ஒரு பஸ் கண்டக்டருக்காக. வெளியூரில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். "ரிப்போர்ட் வந்துருச்சாப்பா? நாளைக்கு ஊருக்குப் போறேன்" என்று போனில் கேட்டார். தாள் என் கையில்தான் இருந்தது. "இன்னும் வரல ஐயா, நிம்மதியா போய்ட்டு வாங்க" என்றேன். அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. மூன்று வாரம் கழித்து வந்தார், எனக்கென்று ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கிக்கொண்டு. அந்த மேசைக்கு யாரும் எதையும் கொண்டுவந்ததில்லை. தாளை மறுவாரம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு முறையாகச் செய்தேன். பரீட்சை எழுதும் பெண்ணுக்குப் பரீட்சை முடியட்டும். வீடு கட்டுகிறவருக்குக் கூரை ஏறட்டும். கீழ் இழுப்பறை அதற்கென்றே ஆகிவிட்டது.

தாமதம் ஆபத்து என்று எனக்குத் தெரியாமல் இல்லை. புதிதாக வந்த பெண் டாக்டர் ஒருநாள் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் புது ஆராய்ச்சிகளைப் படம் போட்டுக் காட்டினார். எந்தப் பழக்கம் ஆபத்து, எந்த மருந்து எந்தக் கட்டிக்கு, எல்லாம் சொல்லிவிட்டு, "சிகிச்சை நாலு வாரம் தள்ளிப் போனாலே சாவு கூடுது. மருந்து நம்ம கையில இல்லன்னாலும் நேரம் நம்ம கையில இருக்கு" என்றார். நான் குறித்துக்கொண்டேன். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு மேல் யாருடைய தாளையும் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். படிப்பை மதிக்கிறவன் நான்.

ரொட்டிக்கடை அம்மா விஷயத்தில் மட்டும் கணக்குத் தப்பிவிட்டது. மார்பில் சின்னக் கட்டி. விடியற்காலையிலிருந்து அடுப்பருகில் நிற்கிற உடம்பு, தனி ஆளாக மகளை வளர்த்தவள். மகளுக்குப் பிரசவ நேரம். திங்கள்தோறும் கூப்பிடுவாள்.

"அண்ணா, ரிப்போர்ட்?"

"இன்னும் வரலம்மா. கெட்டதா இருந்தா உடனே வந்துருக்கும்ல?"

"அதான் நானும் நெனச்சேன். உங்க குரலக் கேட்டாத்தான் அண்ணா எனக்கு வாரமே ஓடுது."

குழந்தை பிறக்கட்டும் என்றிருந்தேன். பிறந்தது. தலை நிற்கட்டும் என்றிருந்தேன். நின்றது. இதற்கிடையில் அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். நல்லபடியாக இருக்கிறது என்று நம்பிவிட்டாள். நம்பிக்கையோடு இருக்கிறவளை எந்த வாயால் கூப்பிடுவது? எட்டாம் மாதம் முதுகு வலி என்று சக்கர நாற்காலியில் வந்தாள். எலும்புக்குப் போயிருந்தது. அந்தப் பெண் டாக்டர் லேபின் பதிவைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார். இழுப்பறையை அவரே திறந்தார்.

அதில் பதினொரு தாள் இருந்தது. அதற்கு முன் தாமதமாகக் கைமாறிப் போனவை ஐம்பதுக்குக் குறையாது. எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்து பதினேழு. ரொட்டிக்கடை அம்மாவைச் சேர்த்தால் பதினெட்டு. அவளுடைய கடைசி வாரத்தில் போய்ப் பார்த்தேன். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "ஏன் அண்ணா?" என்றாள். "எட்டு மாசம் நிம்மதியா இருந்தீங்களேம்மா" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வலி அதிகமாக இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தயார். தூக்கம் கெட்டதில்லை.

போன வருஷம் எனக்கே ஒரு பரிசோதனை நடந்ததைக் கேட்கிறீர்கள். உண்மைதான், சார். குடலில் ஒரு கட்டி. சதை எடுத்த மறுநாள் காலையிலேயே லேபுக்குள் போய் நின்றேன். "தட்டச்சு முடியட்டும், உட்காருங்க" என்றார்கள். உட்கார முடியவில்லை. வாயாலேயே சொல்லச் சொல்லி வாங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் அறுவை. சீக்கிரம் வந்ததால் பிழைத்தேன் என்றார் டாக்டர்.

அது வேறு, சார். எனக்குத் தாங்கிக்கொள்ளும் மனசு உண்டு.