அறுபத்திநாலில் மீதி எவ்வளவு

அஸ்வினி: ...இதுக்கா என்ன ஒலக்கூர்லேர்ந்து திண்டிவனம் வரைக்கும் இழுத்துக்கினு வந்த?

கலைப்பிரியா: மெதுவா பேசுடி. அந்த செல்போன் கடைக்குள்ள நீலச் சட்டை, அவருதான்.

அஸ்வினி: ஞாயித்துக்கிழம உன்னப் பொண்ணு பாக்க வரப் போறவரா? அதுக்குள்ள நீ மாப்ள பாக்கக் கெளம்பிட்டியா?

கலைப்பிரியா: பொய் சொல்ற ஆளா, இல்லியான்னு தெரிஞ்சா போதும். அப்பாவ மாதிரி இன்னொருத்தர்கிட்ட என்னால மாட்ட முடியாது. வா.

பூவரசன்: வாங்க. என்ன பாக்கறீங்க?

கலைப்பிரியா: அந்தப் போன்... அறுபத்திநாலு ஜிபின்னு போட்டிருக்கே. அறுபத்திநாலும் நமக்குக் கெடைக்குமா?

பூவரசன்: கெடைக்காதுங்க.

அஸ்வினி: என்னண்ணா, பொட்டி மேல அவ்ளோ பெருசா எழுதிட்டு?

பூவரசன்: இருங்க, டெமோ போன்ல செட்டிங்ஸ தெறந்து காட்றேன். பாருங்க... நாப்பத்தஞ்சுதான் காலி.

கலைப்பிரியா: மீதி எங்க போச்சு?

பூவரசன்: போன் ஓடறதுக்கே சாஃப்ட்வேர் வேணும்ல, பெரும்பங்கு அதுக்கு. அப்புறம் நாம கேக்காமயே ஏத்தி வச்சிருக்கற கேமு, அது இது.

அஸ்வினி: அத அழிச்சிட முடியாதாண்ணா?

பூவரசன்: சிலது போவும். சிலது வீட்டோட மாப்ள மாதிரி, ஒக்காந்த எடத்த விட்டு நகராது.

அஸ்வினி: கேட்டுக்கோடி.

கலைப்பிரியா: நீ சும்மா இரு... எண்றதுலயும் ஏதோ வித்தியாசம்னு சொல்றாங்களே?

பூவரசன்: ஆமா. கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணிப் பொட்டியில போடும். சில போனுங்க ஆயிரத்து இருபத்திநாலு ஆயிரத்து இருபத்திநாலா எண்ணும். அதுல அறுபதுக்குக் கீழதான் காட்டும். உள்ள இருக்கறது அதேதான்.

கலைப்பிரியா: இதெல்லாம் சொன்னா யாவாரம் நடக்குமா?

பூவரசன்: மொதலாளியும் அதத்தான் கேக்கறாரு. ஆனா வீடியோ எடுத்துக்கினு இருக்கறப்ப எடம் இல்லன்னு நின்னுட்டா, திட்டு எனக்குத்தானே... நீங்க எந்த ஊருங்க?

கலைப்பிரியா: கூட்டேரிப்பட்டு.

அஸ்வினி: ஒலக்கூரு.

பூவரசன்: ஒலக்கூரா... ஹஹ.

கலைப்பிரியா: என்ன சிரிக்கறீங்க?

பூவரசன்: இவங்க பேச்சுக்குப் பேச்சு அண்ணான்றாங்க. கடைக்கு வர்ற பொண்ணுங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. நீங்க ஒருவாட்டி கூட சொல்லல. அப்பதான் நல்லா பாத்தேன். எங்கம்மா போன்ல இருக்கற போட்டோ...

அஸ்வினி: போச்சு, மாட்டிக்கினோம்.

கலைப்பிரியா: அப்போ... நான்னு தெரிஞ்சுதான் உண்மைய சொன்னீங்களா?

பூவரசன்: போனப் பத்தி எல்லாருக்கும் சொல்றதுதான். உங்களுக்குன்னு சொல்ல வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழம எங்கப்பா ரெண்டு ஏக்கர்னு சொல்லுவாரு. சித்தப்பா பங்கு, கெணறு, வரப்பு எல்லாம் போக, நாங்க பயிர் வைக்கறது முக்கா ஏக்கர்தான்.

கலைப்பிரியா: ...எங்கம்மா நான் பி.எஸ்சி. முடிச்சிட்டேன்னு சொல்லும். ரெண்டு அரியர் இருக்குங்க.