நான்காம் மாடியில் கொடுத்த தண்ணீர்

எனது பெயர் கோரின் டாட்லாக், வயது 36. ஓஹியோ மாநிலம் டேட்டன் நகரில், லின்னெட் தெரு 218-ஆம் எண் வீட்டில் கணவருடனும் மகளுடனும் வசித்து வருகிறேன். எட்டு வருடம் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். சென்ற மே மாதம் அந்த வேலையை விட்டுவிட்டு, ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்கள் பதினைந்தே மாதத்தில் முடிக்கும் விரைவு நர்சிங் படிப்பில் சேர்ந்தேன்.

என்னுடன் சேர்ந்தவர் லைல் பிரான்வோல்ட், வயது 47. அவர் வேலை பார்த்த மரச்சாமான் கம்பெனி மூடப்பட்டது, அதே வருடம் அவர் மனைவியும் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அங்கிருந்த நர்சுகளைப் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கு வந்ததாகச் சொல்வார். எங்கள் வகுப்புகள் வேறு வேறு நாட்களில் நடந்தன. ஆஸ்பத்திரிப் பயிற்சி மட்டும் இருவருக்கும் செவ்வாய், புதன்; ஆனால் வேறு வேறு குழு, வேறு வேறு மாடி. அந்த இரண்டு நாளும் காலை ஆறு மணிக்கு என் காரில் அவரை ஏற்றிக்கொள்வேன். போகும் வழியில் மருந்தளவுக் கணக்கு சொல்லிக் கொடுப்பேன். அவர் என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவார். வாரத்துக்கு மூன்று பரீட்சை, தூக்கம் நாலைந்து மணி நேரம்தான். என் மகளுடைய பிறந்த நாளையே நான் மறந்திருக்கிறேன். மதிப்பெண் எழுபத்தேழுக்குக் கீழே போனால் வெளியே என்பது விதி.

பிப்ரவரியில் மருந்தியல் பரீட்சை முடிந்தபின் அவரிடம் எவ்வளவு என்று கேட்டேன். எழுபத்தெட்டு என்றார். நம்பினேன். அதன் பிறகும் மூன்று வாரம் நீலச் சீருடையில் என் காரில் வந்தார்.

மார்ச் 11 செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் பயிற்சி ஆசிரியை திருமதி ரூயிஸ், பேச்சோடு பேச்சாக, "பாவம் லைல், இப்ப என்ன பண்றார்?" என்று என்னிடம் விசாரித்தார். அவரை நீக்கி மூன்று வாரம் ஆகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று காலைகூட அவர் என் காரில்தான் வந்தார் என்பதை நான் திருமதி ரூயிஸிடம் சொல்லவில்லை.

பின்னர் மூன்றரை மணிக்கு காரில் ஏறியதும் அவரிடம் கேட்டேன்.

"எழுபத்தாறு புள்ளி நாலு, டீச்சரம்மா" என்றார். "வீட்ல உட்கார முடியல. எங்க குழு நாலாம் மாடியிலேர்ந்து ரெண்டாம் மாடிக்கு மாறிடுச்சு. நாலாம் மாடி நர்சுங்களுக்கு என் முகம் பழக்கம், யாரும் கேட்கல. போர்வை மாத்துவேன், தலை சீவி விடுவேன், பேசிட்டிருப்பேன். மருந்து எதையும் தொடல."

"தப்பு லைல். மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவ?"

"தப்புன்னு தெரியும். படிப்பு முடியற விழாவுல எனக்கு பேட்ஜ் குத்திவிட என் பொண்ணு ஆகஸ்ட்ல லீவே போட்டுட்டா. வெள்ளிக்கிழமை நேர்ல போய் அவகிட்ட சொல்லிடறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காத."

சரி என்றேன்.

மறுநாள் புதன்கிழமை காலை வழக்கம்போல் அவர் வீட்டு வழியாகப் போனேன். அவர் வாசலில் சீருடையில் நின்றார். நான் நிறுத்தினேன். "திரு. சோல்கிட்ட மட்டும் சொல்லிட்டு வந்துடறேன். சொல்லாம போனா நல்லா இருக்காது" என்றார். எவரெட் சோல் என்பவர் நான்காம் மாடியில் இருந்த 81 வயது நோயாளி. நான் கார்க் கதவின் பூட்டைத் திறந்து அவரை ஏற்றிக்கொண்டேன்.

அன்று காலை திரு. சோலுக்கு விழுங்கும் சக்தியைச் சோதித்து, இனி வெறும் தண்ணீர் தந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், கெட்டியாக்கித்தான் தரவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஷிப்ட் மாறும்போது அந்த மாடியிலிருந்த நர்சுகளுக்கும் மாணவர்களுக்கும் அதைச் சொன்னார்கள். கதவில் அதற்கான அட்டையை இன்னும் மாட்டியிருக்கவில்லை. லைல் மாணவர் இல்லை என்பதால் அந்தப் பேச்சில் அவர் இல்லை.

பதினொன்றே முக்காலுக்கு ஒலிபெருக்கியில் நான்காம் மாடிக்கு அவசர அழைப்பு வந்தது. நான் ஆறாம் மாடியிலிருந்து படியிறங்கி ஓடினேன். லைல் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். கையில் உறிஞ்சுகுழல் போட்ட தம்ளர். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது.

"தண்ணி கேட்டார், கோரின். நேத்துகூட குடிச்சாரே" என்றார்.

அந்நேரம் திருமதி சோல் கணவருடைய சவர மெஷினை எடுத்துக்கொண்டு வந்தார். லைல்தான் தண்ணீர் கொடுத்தார் என்பது அவருக்குத் தெரியாது. கண் கலங்கி நின்ற லைலின் கையைப் பிடித்து, "அழாதப்பா. நீ ஒருத்தன்தான் அவர் பேசுறதை உட்கார்ந்து கேட்ப" என்றார். லைல் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சிறிது நேரத்தில் ஆஸ்பத்திரிக் காவலர்கள் வந்து அவரை அழைத்துப் போனார்கள். திரு. சோல் வெள்ளிக்கிழமை காலை இறந்தார்.

திங்கட்கிழமை நான் படிப்பிலிருந்து விலகிக்கொண்டேன். யாரும் என்னை விலகச் சொல்லவில்லை.

மார்ச் 12 புதன்கிழமை காலை காரில் நடந்ததைப் போலீஸ் கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்று என் வக்கீல் சொல்லியிருந்தார். விசாரணை அதிகாரியான நீங்கள் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டி, எதையாவது எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். நடந்தது இதுதான்.

(ஒப்பம்) கோரின் டாட்லாக்
மார்ச் 19, 2025