தேங்காய்ப்பால் மேல் விழுந்த பழி

சிலோனுக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், எனக்கு எதிரே இரண்டு டீச்சர்கள். ஜன்னலோரம் இருந்தவர் வயதில் பெரியவர், நல்ல பருமன். அவர்தான் ஆரம்பித்தார்.

“சிலோன்ல ஒல்லியா ஒரு ஆளக்கூடப் பாக்க முடியாதாம்டி.”

“யாருக்கா சொன்னது?”

“எங்க வீட்டுக்காரர்தான். அவர் தங்கச்சி நேத்து அங்கேருந்து வந்து இறங்கினா. பீப்பா மாதிரி இருந்தா. வேளாவேளைக்குத் தேங்காய்ப்பால் ஊத்திச் சாப்பிட்டா இப்படித்தான் ஆகும், இனிமே நம்ம வீட்ல ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பாலே கிடையாதுன்னுட்டார்.”

“ஐயோ! வெறும் ஆப்பத்த எப்படிக்கா முழுங்கறது?”

குரோம்பேட்டையில் ஏறிய ஒரு பெண்ணுக்காகப் பெரியவர் நகர்ந்தார். நகர்ந்தும் இடம் உண்டாகவில்லை.

“எனக்கும் வயிறு எரிஞ்சுது. அப்புறம் அவ குளிச்சிட்டு வந்தா பாரு, முருங்கைக்காய் மாதிரி இருக்கா! ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சு நைலான் புடவை சுத்திக்கிட்டு வந்திருக்கா. கஸ்டம்ஸ்காரங்க பெட்டியத்தான் குடைவாங்களாம்.”

“சார் என்னக்கா சொன்னார்?”

“என்ன சொல்வார்? இன்னிக்குக் காலைல அவரே தேங்காய் உரிச்சுக் குடுத்தார்.”

சின்னவர் சிரித்துக்கொண்டே பெரியவரின் ரோஸ் நிறப் புடவையைத் தடவிப் பார்த்தார்.

“இது அந்த அஞ்சுல ஒண்ணா?”

“ஆமா. ஆனா நான் ஒண்ணே ஒண்ணுதான்டி கட்டியிருக்கேன். மிச்சமெல்லாம் தாம்பரத்துச் சாப்பாடு.”