லீட்ஸ் டிவியும் டொரன்டோ டிவியும்

அய்யோ மேடம், நான் எங்க பேச்சை மாத்தறேன்? லீட்ஸ்ல அப்பாகிட்டயே இருக்கப் போறேனா, டொரன்டோவுக்கு அம்மாகிட்ட போறேனா, அதுதானே தெரியணும்? கோர்ட்ல உங்களை அதுக்குத்தானே அனுப்பியிருக்காங்க? பதினாலு வயசுப் பொண்ணு வேற எதை வெச்சு முடிவு பண்ணுவா? டிவியை வெச்சுத்தான்.

சிரிக்காதீங்க. டொரன்டோ பக்கமெல்லாம் டிவில ஒரு தொடர் ஆரம்பிச்சா பதினோரு வருஷம். ஹீரோ செத்தாலும் விடமாட்டாங்க, அச்சு அசலா ஒரு தம்பி வந்து நிப்பான். மூணு நிமிஷத்துக்கு ஒருக்கா யாரையாச்சும் கட்டிப்பிடிச்சு, ஓ மை காட், நீ இல்லாம நான் எப்படி இருப்பேன்னு மூக்கை உறிஞ்சணும். பின்னாடி வயலின் வேற. நடுவுல மாத்திரை விளம்பரம். தலைவலி போயிடும், கூடவே கல்லீரலும் போகலாம்னு ஒருத்தர் தேன் ஒழுகச் சொல்வாரு. அந்தாளு குரல் எனக்கு அப்படியே வருதுல்ல?

இங்க, நம்ம லீட்ஸ்ல? ஆறே எபிசோடு. ஆறுலயும் மழை. கால்வாய்ல பொணம் மிதக்கும். இன்ஸ்பெக்டர் செத்தவன் பொண்டாட்டிகிட்ட போயி, ம்ம்... கஷ்டந்தான், டீ போடட்டுமாம்பாரு. சர்க்கரை வேணாம்னு அந்தம்மா சொல்லும். துக்கம் முடிஞ்சுது. அதுக்கு ஒரு விருது!

எங்கப்பாவும் அந்த ரகந்தான். அம்மா பெட்டியோட வாசல்ல நிக்கறப்ப, ஏர்போர்ட் ரோட்டுல பள்ளம் தோண்டியிருக்கான், சுத்திப் போன்னாரு. பத்தொம்பது வருஷக் கல்யாணம் மேடம்.

என்ன, மறுபடியும் அதே கேள்வியா? சரி, ஒண்ணு சொல்றேன். அப்பாகிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, சும்மா வம்புக்கு, நம்பரை மறைச்சு மாடியிலேர்ந்து அப்பாவுக்கு போன் போட்டேன். அம்மா குரல்ல. கிளைவ், நாந்தான்னேன். கண்டுபிடிச்சுக் கத்துவாருன்னு பாத்தா, மனுஷன் அழறாரு. நாம சேந்து பாக்கற தொடரை நீ இல்லாம ஒரு எபிசோடுகூடப் பாக்கல ஹிலரி, எல்லாத்தையும் பதிவு பண்ணி வெச்சிருக்கேன், வந்துடுங்கறாரு. நாந்தாம்ப்பான்னு சொல்ல வாய் வரல. அம்மா குரல்லயே, யோசிக்கிறேன்னு சொல்லி போனை வெச்சுட்டேன்.

அதுலேர்ந்து தினம் ஷேவ் பண்றாரு. ஞாயித்துக்கிழமையானா போனை மடியில வெச்சு உக்காந்துடறாரு. நாலு வாரமா போன்ல நாந்தான் அம்மா. நிறுத்தவும் தெரியல.

அதனால லீட்ஸ்னே எழுதிக்குங்க. விஷயம் தெரியவர்ற அன்னிக்கு அவர் பக்கத்துல ஒரு ஆளு வேணும்ல?