செல்போனில் பேச்சியின் முகம்

கம்பத்திலிருந்து ஏலக்காய் எடுக்கப் போகும் ஜீப்பில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இருவர் கையிலும் ஒரே மாதிரி செல்போன்.

“ஏன்டி முத்தம்மா, ஒன் செல்லுல எதுக்கு என் மூஞ்சி?”

“பூப் படம் இருந்துச்சு பேச்சி. கடையில மாத்திட்டேன்.”

“அடி கிறுக்கி! என்னுதுன்னு தூக்கிட்டுப் போயிருவேனே!”

“போன வாரமும் அப்படித்தான மாத்தித் தூக்கிட்டுப் போன? எம்மக பிரசவத்துல கெடந்து தவிக்க, ஆஸ்பத்திரி போன் ஒன் கைக்குத்தான வந்துச்சு. ‘தாயும் புள்ளையும் பொழச்சுக்கிட்டாக’ன்னு செருப்புகூட இல்லாம மேட்டுக் காட்டுல இருந்து எங்கிட்ட ஓடியாந்தியே ஆத்தா.”

“அதுக்குப் பேரன் படத்தல்ல வைக்கணும்?”

“அவன் வந்துட்டான்னு சொன்ன மூஞ்சி இதுதானடி.”

பேச்சி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு நல்ல சேல கட்டியாறேன். இன்னொண்ணு எடு.”